எண்பது அடிக்கு இரண்டடி வாட்டம்

எங்கள் வீட்டுக் கக்கூஸைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவர்கள் வீட்டில் அது இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை.

விருதுநகரில் எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். அகலம் பதினாறு அடி, நீளம் எண்பது அடி. வாசலில் நுழைந்தால் ரயில் பெட்டிக்குள் போவது மாதிரி ஒவ்வொரு அறையாகக் கடந்து போக வேண்டும். பட்டாசல் என்கிற முன்கூடம், சாமி ரூம், அடுப்படி, கொல்லை. கொல்லையின் கடைசியில் கக்கூஸ். கட்டியவர்கள் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள், அது வாசலுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று. ஆனால் நகராட்சி பாதாளச் சாக்கடைக் குழாயைப் பதித்தது வாசல் பக்கத்துத் தெருவில். கடைக்கோடியில் இருப்பதை வாசலுக்குக் கொண்டுவந்தால்தான் இணைப்பு. அந்த எண்பது அடிக்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதுவரை செப்டிக் டேங்க்தான். கரிசல் மண்ணில் வெயில் காலத்தில் கையை விட்டால் கை உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு இருக்கும். மழை பெய்து ஊறிவிட்டால் ஒரு சொட்டைக்கூட உள்ளே வாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளைக்கு ஒரு தடவை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும்.

என் ஒரே மகள் பிரீத்தியை மதுரையில் கட்டிக் கொடுத்தோம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். முந்தின நாள் நல்ல மழை. விடிந்ததும் மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொண்டு கக்கூஸுக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். அவர் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. நாட்டுக்கே வெடி செய்து அனுப்புகிற சீமையில் இருந்துகொண்டு அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஒரு சரம்கூடக் கொளுத்தவில்லை. ஆளுக்கொரு வாளியோடு நின்றோம்.

இப்போது பிரீத்திக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு நடக்கிறது. ஐப்பசி முதல் வாரம் வளைகாப்பு. அது முடிந்த கையோடு பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும். ஆவணிக் கடைசியில் சம்பந்தியம்மா போன் போட்டார்.

"மதினி, நான் குத்தமாச் சொல்லலை. ஐப்பசி மழையில உங்க வீட்டுல எப்படின்னு நானே பார்த்தேன். வாயும் வயிறுமா இருக்க பிள்ளையை அங்க வச்சுக்க முடியுமா? அவ இங்கேயே இருக்கட்டும்."

மரியாதையாகச் சொன்னார். அதுதான் வலித்தது. சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கக்கூஸ் சரியில்லை என்று என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால், அதை நான் யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, குழாய் வேலை பார்க்கும் நாகையாவை வரச் சொன்னேன்.

நாகையா டேப்பைப் பிடித்து வாசலிலிருந்து கொல்லைவரை அளந்தார்.

"எண்பது அடி ஓட்டம். ரெண்டடி வாட்டம் வேணும்மா, வாசப்பக்கம் அம்புட்டு சரிஞ்சு போகணும். வாட்டம் பத்தாதுன்னா போனது திரும்பி உங்க வீட்டுக்கேதான் வரும். குழாய்க்கு ரெண்டே வழிதான். ஒண்ணு வீட்டுக்குள்ளாற தரையை உடைச்சு, அடுப்படி, சாமி ரூம், பட்டாசல்னு நேராக் கொண்டாரணும். இன்னொண்ணு முடுக்கு."

"எத்தனை நாள் இருக்கு?"

"தெருவுல சிமென்ட் ரோடு போடப் போறாக. இன்னும் பன்னெண்டு நாள். போட்டுட்டா அப்புறம் வெட்ட விட மாட்டாக."

முடுக்கு என்பது எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஓடும் சந்து. இரண்டரை அடி அகலம். பக்கத்து வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அண்ணன் நல்லசிவம், மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். பாகம் பிரித்தபோது முடுக்கு அவர் பங்கில் போனது. அதில் குழாய் போட வேண்டுமென்றால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் மனுவை வாங்க மாட்டோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. சொத்துச் சண்டை இல்லை. எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்தது.

என் வீட்டுக்காரர் அய்யாதுரைக்குச் சிவகாசியில் அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. எந்தப் பெயருக்குப் பின்னால் எந்தப் பெயர் வந்தால் எந்த வீட்டில் அடிதடி நடக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அச்சாபீஸில் எந்தப் பத்திரிகையையும் புதிதாக அடிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் கிடக்கிற பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றுவார்கள். அது வைகாசி சீசன். ஊரார் ஆர்டரையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக அவசர அவசரமாகத் தன் மகள் பத்திரிகைக்கு வந்தார். எல்லாப் பெயரையும் மாற்றினார். பெரியப்பா என்கிற இடத்தில் மட்டும் மாற்ற மறந்துவிட்டார். நல்லசிவம் என்று வர வேண்டிய இடத்தில் 'ஏழாயிரம்பண்ணை ஊர்க்காவலன்' என்று இருந்தது.

புரூஃபை நாலு பேர் பார்த்தோம். ஒருவர் முகூர்த்த நேரத்தைப் பார்த்தார், ஒருவர் மண்டபத்துப் பெயரைப் பார்த்தார், பிரீத்தி மாப்பிள்ளையின் படிப்பைப் பார்த்தாள். நான் என் அண்ணன் தம்பிகள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. சரி என்றேன்.

முதல் பத்திரிகையைத் தாம்பூலத்தோடு மூத்தவர் நல்லசிவம் வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

"இது ஆருலே ஊர்க்காவலன்?"

அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் காலில் விழுந்திருந்தால் முடிந்திருக்கும். அவரோ தொழில் புத்தியில், "விட்டுப்போச்சுண்ணே. ஒட்டுத்தாள்ல உங்க பேரை அடிச்சு மேல ஒட்டிருவோம்" என்றார்.

"நான் ஒட்டுத்தாள் பெரியப்பன் இல்லலே" என்று தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு மூத்தவர் உள்ளே போய்விட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை.

வந்தது யார் தெரியுமா? ஊர்க்காவலன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். ஒட்டாமலே ஊருக்குக் கொடுத்த பத்திரிகை ஒன்று அவர் கைக்கும் போயிருக்கிறது. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றினார், செல்போனை அங்கே நின்ற ஒருவர் கையில் கொடுத்தார், இரும்புக் கதவில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மருந்து அறைக்குள் போகும்போது உடம்பிலிருக்கும் கரண்டை இறக்குவதற்கு அப்படித் தொட வேண்டுமாம். முப்பது வருஷப் பழக்கம், எந்த வீட்டுக்குப் போனாலும் விடாது. கையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு.

"பத்திரிகைல பெரியப்பான்னு பேரு போட்டிருக்கீக. வராம இருந்தா மரியாதை இல்ல பாருங்க" என்றார்.

சிரிப்பதா, என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பிடச் சொன்னோம். அத்தோடு போகும் என்று நினைத்தோம். பொங்கலுக்குக் கரும்புக் கட்டும் பனங்கிழங்கும் வந்து இறங்கியது. தீபாவளிக்கு ஒரு பெட்டி மத்தாப்பு. ஒவ்வொன்றும் இறங்கும்போது மூத்தவர் தன் வாசலில் நின்று பார்ப்பார். நான் ஊர்க்காவலனை 'அச்சுப் பெரியப்பா' என்று கேலி செய்து பிரீத்தியோடு சிரிப்பேன்.

இதெல்லாம் ஆண்கள் சங்கதி. மூத்தவர் மனைவி பத்திரகாளி அக்காவும் நானும் ஒரு நாள்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. அக்காவுக்குப் பெயர்தான் அப்படி, கோழிக்குஞ்சைக்கூட அதட்ட மாட்டார். கொல்லைச் சுவருக்கு மேலே கிண்ணங்கள் போகும், வரும். என் வீட்டுக்காரர் அக்காவின் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குத்தான் உனக்குக் குழம்பு கூடி வந்திருக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்ல மாட்டேன்.

நாகையா போனதும் என் வீட்டுக்காரரிடம் முடுக்கைப் பற்றிச் சொன்னேன். "அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன். சாமி ரூம் வழியாவே போட்டுக்கிடுவோம்" என்றார்.

"சாமி காலுக்கடியில அது ஓடணுமா?"

"மூணடி ஆழத்துல போகுது. சாமிக்கு எங்க தெரியப் போகுது?"

"சாமிக்குத் தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு அதுக்கு விளக்குப் பொருத்துறேன்?"

சாமி ரூம் வாசலில் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டேன். கடப்பாரை என் மேல்தான் இறங்க வேண்டும் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு அச்சாபீசுக்குக் கிளம்பினார். வீட்டில் பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குச் சிவகாசியில் அவசர ஆர்டர் வந்துவிடும்.

கொல்லைச் சுவர்ப் பக்கம் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அன்று ராத்திரியே மூத்தவரிடம் கேட்டிருக்கிறார். காலையில் சுவருக்கு மேலே அக்காவின் தலை மட்டும் தெரிந்தது, கிண்ணம் இல்லை.

"என்னக்கா சொன்னாக?"

"சொல்லவே கூச்சமா இருக்கு தங்கம். பெரியப்பன்னு எவன் பேரை அச்சடிச்சானோ அவன்ட்டயே போய்க் கையெழுத்து வாங்கச் சொல்லுங்காக."

அது குத்தல் பேச்சு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று எனக்கு வந்த கோபத்தில், சொன்னதைச் சொன்னபடியே செய்வது என்று முடிவு கட்டினேன். ஏழாயிரம்பண்ணைக்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. ஊர்க்காவலன் பத்து மணிக்கு வந்தார். செருப்பு வெளியே, செல்போன் என் கையில், உள்ளங்கை வாசல் கிராதியில். என் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தாளில் எழுதி வைத்திருந்த கடிதத்தில் ஒன்றை நீட்டினேன். 'என் தம்பி அய்யாதுரை வீட்டுக் கழிவுநீர்க் குழாய் என் முடுக்கு வழியாகச் செல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை.' அவர் இரண்டு தடவை படித்தார்.

"எம்புட்டு ஆழம் தாயி?"

"கடைசியில மூணடி."

"வாட்டம் சரியா வருதுல்ல?"

"வருதாம்."

குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாங்க, முடுக்குக்காரரைப் பார்த்துச் சொல்லிருவோம். நாளைப்பின்னே தப்பா நினைக்கக் கூடாது" என்று முன்னால் நடந்தார். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

மூத்தவர் பட்டாசலில் முறத்தைப் பரப்பிச் சாம்பிள் வத்தலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆரு?"

"ஏழாயிரம்பண்ணை ஊர்க்காவலன், அண்ணாச்சி. முடுக்குக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

மூத்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். காது சிவந்தது.

"என் முடுக்குக்கு நீரு எப்படிய்யா கையெழுத்துப் போடுவீரு?"

"நீங்கதான் சொல்லிவிட்டீகளாம்."

"அது கோவத்துல சொன்னது."

"நான் கோவத்துல போடல அண்ணாச்சி. அய்யாதுரைக்கு அண்ணன்னு அச்சுல என் பேருதான் இருக்கு. அதான் போட்டேன்."

"அவனுக்கு அண்ணன் நான்தான்யா" என்றார் மூத்தவர்.

அடுப்படி வாசலில் நின்ற அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத வார்த்தை அது. சொன்னவரே கொஞ்சம் திகைத்துப்போய் வத்தலைக் கிளற ஆரம்பித்தார்.

"அப்பம் அந்தத் தாளைக் கிழிச்சிருங்க" என்றார் ஊர்க்காவலன். "தாயி இன்னொரு தாளும் எழுதிக் கொண்டாந்திருக்கு. அதுல நீங்க போடுங்க."

மூத்தவர் கிழிக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, உமக்கு என்ன வந்துச்சு? முன்னப்பின்னே தெரியாத வீட்டுக்குக் கரும்பும் கிழங்கும் சுமந்துக்கிட்டு ரெண்டு வருசமா அலையுதீரே?"

ஊர்க்காவலன் முறத்திலிருந்து ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டார். பிறகு, லோடு எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"எனக்கும் ஒரு தம்பி இருக்கான் அண்ணாச்சி. அவன் மக கல்யாணப் பத்திரிகைதான் அது. முதல்ல என் பேரைப் போட்டுத்தான் அடிக்கக் குடுத்தான். நடுவுல தோட்டத்துக்குப் போற பாதையில சண்டை வந்துபோச்சு. அச்சாபீசுக்குப் போய் என் பேரை எடுக்கச் சொல்லிட்டான். எடுத்துட்டாக. எடுத்த பேரு எப்படியோ இந்த வீட்டுப் பத்திரிகையில வந்து உக்காந்துக்கிடுச்சு. எனக்குப் பிள்ளைக கிடையாது. பெரியப்பான்னு என் பேரு அச்சுல வந்தது இந்த ஒண்ணுலதான். அதான் வந்தேன்."

இரண்டு வருஷம் இந்த மனுஷனை வைத்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் திரும்பி என் முகத்திலேயே விழுந்தது. அவர் கொண்டுவந்த கிழங்கைத் தின்றுகொண்டே சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மூத்தவர் என் கையிலிருந்த இன்னொரு தாளை வாங்கினார். வத்தல் நெடி ஏறிய விரலோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த எரிச்சலில் இன்னும் கொஞ்சம் கண்ணீர் விட்டு, கையெழுத்துப் போட்டார். ஊர்க்காவலன் போட்ட தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது பிள்ளைக்காகத்தான். அவன்ட்ட நான் பேச மாட்டேன், சொல்லிரும்மா."

"சரிங்க அத்தான்" என்றேன்.

மறுநாள் நகராட்சியில் கடிதத்தைக் கொடுத்தோம். புதன்கிழமை நாகையா முடுக்கில் வேலையை ஆரம்பித்தார். மூத்தவர் கடையை ஆளிடம் விட்டுவிட்டு முடுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு. குழாயை ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் எழுந்துபோய் வாட்டம் பார்ப்பார். சாமி ரூம் வழியாகப் போட்டுக்கொள்கிறேன் என்ற மனிதரோ சிவகாசிப் பக்கமே போகாமல் முடுக்கின் அந்தக் கோடியில் நின்றார். ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாகையாவிடம் சொல்வார்கள். நாகையாவுக்கு வேலையை விட இந்தத் தூதுதான் பெரிய பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வேலை. ரோடு போட இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஊர்க்காவலனும் வந்துவிட்டார். தெருக் குழாயில் இணைத்தாகிவிட்டது, இனித் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். நாகையா தெருவில் மேன்ஹோல் பக்கம் நின்றுகொண்டார். கொல்லையில் வாளியோடு என் வீட்டுக்காரர். முன்வாசலில் குழாய் வந்து சேரும் சேம்பர் தொட்டியைத் திறந்து குனிந்தபடி மூத்தவர். நடு முடுக்கில் தூதுக்கு ஊர்க்காவலன். தெளிவாகத் தெரியட்டும் என்று நான் வாளியில் மஞ்சளைக் கரைத்துக் கொடுத்தேன். வராமல் போனால் பிரீத்தியும் வர மாட்டாள் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊத்தியாச்சுன்னு சொல்லுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊத்தியாச்சாம் அண்ணாச்சி."

"ஒண்ணும் வரலைன்னு சொல்லும்."

"வரலையாம்."

"முதல் வாளி நடுச் சேம்பர்லயே நின்னுரும், இன்னொண்ணு ஊத்தச் சொல்லுங்க" என்று தெருவிலிருந்து நாகையா கத்தினார். அதுவும் ஊர்க்காவலன் வாய் வழியாகத்தான் கொல்லைக்குப் போனது. இரண்டாவது வாளியும் ஊற்றினார்கள். இரண்டு பக்கமும் காது கேட்கிற ஆட்கள்தான். நடுவில் அவர் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் காட்டிக்கொண்டார்கள். இரண்டாவதும் வரவில்லை.

மூன்றாவது வாளிக்கு மஞ்சள் கரைத்துக் கொடுத்துவிட்டு நான் வாசல் பக்கம் ஓடி வந்தேன். ஊர்க்காவலன் முடுக்கிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கிராதியில் உள்ளங்கையை வைத்தார். படியில் உட்கார்ந்து, "குடிக்கத் தண்ணி குடு தாயி" என்றார்.

"நீங்க இங்க வந்துட்டா அங்கன யாரு சொல்றது?"

"நான் எதுக்கு? அண்ணனும் தம்பியும் இருக்காகள்ல" என்றார்.

கொல்லையில் வாளி கவிழும் சத்தம் கேட்டது.

"ஊத்திட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

தூதுவர் என் பக்கத்தில் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். மூத்தவர் சேம்பருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்திட்டேன்னு சொன்னேன்" என்றது கொல்லைக் குரல். கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சம் இறங்கி, "வருதாண்ணே?" என்று கேட்டது.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் குனிந்தார். சேம்பருக்குள் முதலில் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு சலசலவென்று மஞ்சள் தண்ணீர் வந்து, திரும்பித் தெருப் பக்கம் ஓடியது.

"வருதுலே" என்றார். முடுக்குப் பக்கம் திரும்பி, "நல்லா வருது. இன்னொரு வாளி ஊத்து" என்றார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வாளி ஊற்றியிருப்பார்கள். தேவையே இல்லை என்று நாகையா வந்து சொல்லியும் கேட்கவில்லை. ஒருவர் வருதாண்ணே என்று கேட்பதும் இன்னொருவர் வருதுலே என்று சொல்வதுமாக, தொட்டியில் இருந்த தண்ணீரையெல்லாம் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே போய் மதுரைக்குப் போன் போட்டேன்.

"மதினி, எங்க வீட்டுல எல்லாம் சரியாப் போச்சு. வளைகாப்பு முடிஞ்ச கையோட பிள்ளையைக் கூட்டிட்டு வர நாங்க வாரோம். பெரியப்பா ரெண்டு பேரும் வாராக."